கீழ் மேகம் கிழக்கே, மேல் மேகம் மேற்கே: ஜூலை வானில் என்ன நடக்கிறது?

மாடித்தோட்டம் (தாம்பரம்)

மேகங்களைப் படம் எடுப்பவர்கள் இங்கே சிலர் இருப்பதால் கேட்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கைப்பேசியை வடக்குப் பார்த்து நிறுத்தி டைம்லேப்ஸ் எடுத்தேன். ஐந்து விநாடிக்கு ஒரு படம் என ஒரு மணி நேரம். ஓட்டிப் பார்த்தால் மொத்தமே அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் அதில் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவில்லை.

தாழ்வாக இருக்கும் பொதி மேகங்கள் எல்லாம் இடமிருந்து வலமாக, அதாவது மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகின்றன. ஜூலை மாதம் மேற்கிலிருந்துதான் காற்று வீசும், அதனால் அதில் வியப்பில்லை. அந்தப் பொதிகளுக்கு இடையில் தெரியும் நார் போன்ற மெல்லிய வெண்மேகமோ வலமிருந்து இடமாகப் போகிறது. ஒரே வானில் இரண்டும் எதிரெதிர்த் திசை. வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு இது தெரியவே இல்லை.

இது என்ன? அத்துடன் இன்னொன்று: மேலே உள்ள மேகம் படத்தில் வெளிறிப்போய், இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருக்கிறது. இதற்கென்று நல்ல கேமரா வாங்கத்தான் வேண்டுமா?

நிழல்வெட்டு (பல்லாவரம்)

கண் செய்யும் ஏமாற்று. மேகம் ஓடும்போது நிலா எதிர்ப்பக்கம் ஓடுவது போலச் சிறு வயதில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதேதான் இது. உயரத்தில் இருப்பது ஏறக்குறைய அசையாமல் நிற்கிறது, கீழே இருப்பது வேகமாக ஓடுகிறது. அசையாதது பின்னால் போவதாக மூளை முடிவுகட்டிவிடுகிறது.

இன்னொரு சந்தேகமும் உண்டு. கைப்பேசிகளில் நடுக்கத்தைச் சரிசெய்யும் வசதி இருக்கிறது. படச் சட்டத்தின் பெரும்பகுதி ஒரு பக்கமாக நகர்ந்தால் அது கையின் அசைவு என்று எண்ணிக்கொண்டு படத்தையே சற்று எதிர்ப்பக்கம் இழுத்துவிடும். ஸ்டாண்டில் வைத்து எடுக்கும்போது அதை அணைத்துவிட வேண்டும்.

கேமரா வாங்காதீர்கள். முதலில் இருப்பதைச் சரியாகப் பயன்படுத்துங்கள். வெளிச்ச அளவையும் வெள்ளைச் சமநிலையையும் தானியங்கியில் விட்டிருப்பீர்கள். ஒவ்வொரு பொதி கடக்கும்போதும் படம் இருண்டு வெளுத்திருக்குமே?

மாடித்தோட்டம்

இருண்டு வெளுக்கிறது, உண்மைதான். ஆனால் ஏமாற்று என்பதை ஏற்க முடியவில்லை. படத்தின் இடது ஓரத்தில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அது ஒரு புள்ளிகூட அசையவில்லை. வலது பக்கத்தில் தோன்றும் கொக்கி வடிவ நார் ஒன்று, ஏழெட்டு நிமிடங்களில் சட்டத்தைக் கடந்து தொட்டிக்குப் பின்னால் மறைகிறது. அசையாதது எப்படி மறையும்?

பலூன்காரர்

தம்பி பார்த்தது சரிதான். ஏமாற்று இல்லை. தொட்டியைச் சட்டத்துக்குள் விட்டது நல்ல வேலை. வானம் மட்டும் இருக்கும் டைம்லேப்ஸில் எதையும் நிரூபிக்க முடியாது.

நான் வானிலை நிலையங்களில் பலூன் பறக்கவிடும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னைக்கு மேலே பலூன் ஏறும்போது முதல் சில கிலோமீட்டருக்கு மேற்குக் காற்று அதைக் கிழக்கே தள்ளும். ஆறேழு கிலோமீட்டர் உயரத்துக்குப் பிறகு காற்று தளர்ந்து, திசை மாறி, அதற்கு மேல் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கும். பதினான்கு, பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் அது மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். வெப்பமண்டலக் கிழக்குத் தாரைக்காற்று என்று இதற்குப் பெயர். 1958இல் இதைப் பற்றி விரிவாக எழுதியவர் நம் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் பி. கோட்டீஸ்வரம். பின்னாளில் அத்துறையின் தலைவராகவும் இருந்தார். அந்தத் தாரையின் நடுப்பகுதி ஏறக்குறைய சென்னையின் அட்சரேகையை ஒட்டியே ஓடுகிறது. இதைப் பார்க்க உங்கள் மாடியைவிட வாகான இடம் உலகில் அதிகம் இல்லை.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கோடையில் ஆசிய நிலப்பரப்பும், சராசரியாக நாலாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் திபெத்தியப் பீடபூமியும் சூடாகின்றன. அங்கே காற்று வெப்பத்தால் உப்பி மேலெழுகிறது. தெற்கே இந்தியப் பெருங்கடலின் மேல் அவ்வளவு சூடு இல்லை. ஆகவே ஒரே உயரத்தில் அளந்தால், மேல் வானில் வடக்கே அழுத்தம் கூடுதலாகவும் தெற்கே குறைவாகவும் இருக்கும். அந்த உயர் அழுத்தத்தைக் காற்று கடிகார முள்ளின் திசையில் சுற்றும். அதன் தென்விளிம்பில் இருக்கும் நமக்கு அது கிழக்கிலிருந்து வரும் காற்று. தரைப்பக்கத்தில் கதை தலைகீழ்: வடக்கே தாழ்வழுத்தம், அதை நோக்கி மேற்கு, தென்மேற்கிலிருந்து ஓடும் பருவக்காற்று. இரண்டும் ஒரே வெப்பத்தின் பிள்ளைகள். பருவமழை விலகி அக்டோபர் வரும்போது மேலே உள்ள தாரையும் கலைந்துவிடும்.

வெறும் கண்ணுக்கு ஏன் தெரியவில்லை என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கீழ் மேகம் ஒரு கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு 10 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், தலைக்கு மேலே அது நிமிடத்துக்கு 34 பாகை கடக்கும். 14 கிலோமீட்டர் உயரத்தில் விநாடிக்கு 35 மீட்டர் ஓடும் மேகம் நிமிடத்துக்கு எட்டரைப் பாகைதான் நகரும். மூன்றரை மடங்கு வேகமாக ஓடுவது நான்கு மடங்கு மெதுவாகத் தெரிகிறது. நிழல்வெட்டு சொன்ன ‘அசையாதது’ அதுதான்.

நிழல்வெட்டு

ஐயா, விளக்கம் நன்றாக இருக்கிறது. ஆனால் அவர் படம் எடுத்த மேகம் 14 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நார் போல இருந்தாலே அவ்வளவு உயரம் என்று எடுத்துக்கொள்ளலாமா? எட்டிலும் இருக்கலாம், பத்திலும் இருக்கலாம். படத்தில் உயரம் எழுதியிருப்பதில்லை.

இன்னொன்று. சென்னையில் மாலை இடிமழைக்கு முன்பு மேற்கே கிளம்பும் மேகத்தின் தலை விரிந்து நம் தலைக்கு மேல் வந்து வானத்தையே மூடிவிடுவதைப் பல தடவை எடுத்திருக்கிறேன். மேலே கிழக்குக் காற்று இருந்தால் அந்த விரிப்பு வேலூர்ப் பக்கம்தானே போக வேண்டும்?

பலூன்காரர்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். அந்தப் படங்களை எந்த மாதத்தில் எடுத்தீர்கள் என்று பாருங்கள். ஏப்ரலிலும் மே மாதத்தின் முற்பகுதியிலும் மேலே இந்தத் தாரை இல்லை. பலமான மேல்காற்று இல்லாத நாளில் கார்திரள் மேகத்தின், அதாவது இடிமேகத்தின், தலை எல்லாப் பக்கமும் விரியும், உங்கள் தலைக்கு மேலும் வரும். ஜூலை, ஆகஸ்டில் அதே மேகம் பெரும்பாலும் தன் தலைவிரிப்பை மேற்கே இழுத்துக்கொண்டு கிழக்கே வரும். அதனால்தான் அந்த மாதங்களில் சென்னையிலிருந்து பார்க்கும்போது மேகத்தின் முன்முகம் திரை ஏதும் இல்லாமல் செதுக்கினாற்போல நிற்கும். படம் எடுப்பவர்களுக்கு அது கொடை.

முதல் கேள்வி நியாயமானது. அந்தப் படத்தை மட்டும் வைத்து உயரம் சொல்ல முடியாது. திசையை வைத்து ஒரு கீழ் எல்லை சொல்லலாம். அன்று மாலை பலூன் எந்த உயரத்தில் மேற்குக் காற்றிலிருந்து கிழக்குக் காற்றுக்கு மாறியது என்று பாருங்கள். நார் மேகம் அதற்கு மேலேதான் இருந்திருக்க வேண்டும். மீனம்பாக்கத்தில் காலை 5:30, மாலை 5:30 கணக்குக்கு ஏற்றும் பலூன்களின் அளவீடு யாரும் பார்க்கும்படி இணையத்தில் கிடைக்கிறது. அமெரிக்காவின் வயோமிங் பல்கலைக்கழகத் தளத்தில் 43279 என்ற நிலைய எண்ணைக் கொடுத்தால் சென்னையின் பட்டியல் வரும். உயரம், வெப்பநிலை, காற்றின் திசை, வேகம் எல்லாம் வரிசையாக இருக்கும். திசைக் கட்டத்தில் 270 என்றால் மேற்கிலிருந்து, 90 என்றால் கிழக்கிலிருந்து.

குற்றாலச்சாரல் (தென்காசி)

எங்கள் ஊரில் இதற்கு நேர்மாறான வேடிக்கை. ஜூன், ஜூலையில் காற்று ஆளைத் தள்ளும். ஆனால் மலைமுகட்டில் கிடக்கும் மேகம் நாள் முழுக்க இடம் மாறாமல் அப்படியே கிடக்கும். பிள்ளைகளுக்கு டைம்லேப்ஸ் போட்டுக் காட்டியபோதுதான் அவர்களுக்குப் புரிந்தது: மேகம் நிற்கவில்லை, கேரளப் பக்கத்திலிருந்து ஏறிவந்து முகட்டைத் தாண்டியதும் இறங்கி, இறங்க இறங்கக் காய்ந்து மறைகிறது. பின்னால் புதிது வந்துகொண்டே இருக்கிறது. நிற்பது வடிவம் மட்டும்தான். மூன்று விநாடி இடைவெளியில் எடுத்தால் வழிந்து இறங்குவது நன்றாகத் தெரியும். ஐந்துக்கு மேல் போனால் துண்டு துண்டாகக் குதிக்கிறது.

ஆசிரியை என்பதால் ஒரு வேண்டுகோள்: பிள்ளைகளுக்குப் பாடநூலில் இருக்கும் கீற்று, திரள், படை, கார்படை, கார்திரள் என்ற பெயர்களையே பயன்படுத்துங்கள். நார், பொதி என்று எழுதினால் எதைச் சொல்கிறீர்கள் என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. 1802இல் லண்டனில் லூக் ஹோவர்ட் என்ற மருந்து வணிகர் மேகங்களுக்குப் பெயர் சூட்டிப் படித்த கட்டுரையிலிருந்து வந்த வகைப்பாடுதான் இது. அதற்கு முன்பும் எல்லோரும் மேகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் ஒருவர் பார்த்ததை இன்னொருவர் பார்த்ததோடு ஒப்பிட வழி இல்லாமல் இருந்தது.

மாடித்தோட்டம்

சரி அக்கா, இனி நாரைக் கீற்று மேகம் என்றும் பொதியைத் திரள் மேகம் என்றுமே எழுதுகிறேன்.

பலூன் பட்டியலைப் பார்த்தேன். அந்த ஞாயிறு மாலை ஏழு கிலோமீட்டருக்குச் சற்று மேலே திசை மாறியிருக்கிறது. அதற்கு மேல் எல்லாமே கிழக்கு. இந்த எண்களையும் என் அரை நிமிடப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மகிழ்ச்சியாக இருந்தது.

நிழல்வெட்டு

அப்படியானால் ஏழுக்கு மேலே. பதினான்கு இன்னும் நிரூபணம் ஆகவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிறிப்போவதற்கு வழி சொல்கிறேன். மாலை நாலரைக்குச் சூரியன் மேற்கே சரிந்திருக்கும். சூரியனிலிருந்து 90 பாகை தள்ளிய வானத்தில்தான் ஒளி அதிகமாக முனைவுற்றிருக்கும், அதாவது ஒரே தளத்தில் அதிரும். அந்த நேரத்தில் அது வடக்கு, உச்சி, தெற்கு என்று ஒரு பட்டையாக ஓடும். நீங்கள் வடக்கே திருப்பியிருந்ததால் வசதியான இடத்தில்தான் இருக்கிறீர்கள். போலரைசர் வடிகட்டி போட்டுச் சுழற்றினால் நீலம் கறுக்கும், கீற்று தனித்து நிற்கும். வடிகட்டி இல்லையா? போலரைஸ்டு கண்ணாடியைக் கழற்றி லென்ஸ் முன்னால் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள், போதும். ஒரே எச்சரிக்கை: அகல லென்ஸில் வானத்தின் நடுவே கருநீலப் பட்டையும் இரு ஓரங்களில் வெளுப்புமாக அசிங்கமாக வரும். அப்போது வடிகட்டியைக் கழற்றிவிடுங்கள்.

வெளிச்ச அளவை ஒரு படி குறைத்துப் பூட்டுங்கள். மேகத்தின் வெண்மை வெந்துபோனால் பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. இருட்டாக இருப்பதைக் கொஞ்சம் தூக்கிவிடலாம். குவியத்தைத் தொலைவில் வைத்துப் பூட்டுங்கள். ஏசி அறையிலிருந்து கைப்பேசியை நேராக மாடிக்குக் கொண்டு போகாதீர்கள், சென்னை ஈரப்பதத்துக்கு லென்ஸ் உடனே பனிபிடித்துவிடும். பையோடு வெளியே வைத்து அது சூடேறும் வரை காத்திருங்கள்.

வலிகாமம் (யாழ்ப்பாணம்)

வணக்கம். இங்கே சோளகக் காற்று வீசும் மாதங்களில் நானும் இதே எதிரோட்டத்தைக் கண்டிருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கடலோடிகள் கீழ் மேகத்தோடு நின்றுவிடாமல் மேல் மேகத்தின் போக்கையும் பார்த்துத்தான் காற்றைப் பற்றிப் பேசுவார்கள். நான் எடுப்பது பெரும்பாலும் சூரியனையும் நிலாவையும் சுற்றி வரும் வட்டங்கள்தான். ‘அகல வட்டம் பகல் மழை’ என்று அம்மம்மா சொல்லுவார். அறிந்தவர்கள் சொல்லுங்கள், இது எவ்வளவு தூரம் மெய்?

பலூன்காரர்

எந்த வட்டம் என்பதைப் பொறுத்தது. கையை முழுக்க நீட்டி விரல்களை அகல விரியுங்கள். கட்டைவிரல் நுனியைச் சூரியன் மீது வைத்தால் சுண்டுவிரல் நுனி தொடும் தூரம் ஏறக்குறைய 20 பாகை. அந்த அளவில், 22 பாகை ஆரத்தில் தெரிவது பரிவேடம். ஆறு பக்கப் பனிப்படிகங்களில் ஒளி ஒடிந்து வருவது. வானத்தில் மெல்லிய திரைபோலப் பரவும் கீற்றுப்படை மேகம் இருந்தால்தான் அது வரும். 2021 மே 24 அன்று பெங்களூரில் ஊரே அண்ணாந்து பார்த்தது இதைத்தான். நிலாவை ஒட்டிச் சில பாகைக்குள் செம்பழுப்பு விளிம்போடு தெரியும் சிறிய வட்டம் வேறு. அது நுண்ணிய நீர்த்துளிகளில் ஒளி விளிம்பு வளைவதால் வருவது.

பழமொழி அகல வட்டம் என்று பிரித்துச் சொன்னதே நல்ல கவனிப்புத்தான். பலிக்குமா என்றால் மாதத்தைக் கேட்பேன். அக்டோபர், நவம்பரில் வங்கக் கடலில் ஒரு தாழ்வு மண்டலம் இருந்தால் அதன் மேல் வெளியேறும் கீற்றுப்படை மேகம் கடற்கரைக்கு முன்கூட்டியே வந்துவிடும். வட்டம் தெரியும், மழையும் பின்னால் வரக்கூடும். ஜூலையில் வரும் கீற்று, தொலைவில் எங்கோ பெய்து முடித்த இடிமேகத்தின் மிச்சமாக இருக்கலாம். அதை நம்பி நெல்லை உள்ளே எடுத்து வைக்க வேண்டியதில்லை.

வட்டத்தைப் படம் எடுக்கும்போது சூரியனை ஏதாவது ஒன்றின் பின்னால் மறைத்துக்கொள்ளுங்கள். விளக்குக் கம்பத்தின் தலை, தென்னை மட்டை, தண்ணீர்த் தொட்டி எதுவானாலும் சரி. டெலி லென்ஸ் வழியாகக் கண்ணை வைத்துச் சூரியனைத் தேடவே கூடாது.

குற்றாலச்சாரல்

வட்டம் என்றதும் நினைவு வருகிறது. போன மே மாதம் நண்பகலில், சூரியனுக்கு வெகுதூரம் கீழே, அடிவானத்துக்கு இணையாக நீளமான வண்ணப்பட்டை. மேலே சிவப்பு, கீழே ஊதா. மழை இல்லை. வானவில் என்று ஊரில் சொன்னார்கள். ஆனால் வானவில் சூரியனுக்கு எதிர்ப்பக்கம்தானே வர வேண்டும்?

பலூன்காரர்

வானவில் இல்லை, அடிவானத்துக்கு இணையான பரிவேட வில். இதுவும் பனிப்படிகத்தின் வேலை. சூரியன் 58 பாகைக்கு மேல் ஏறியிருந்தால்தான் தெரியும். சூரியனுக்கு ஏறக்குறைய 46 பாகை கீழே கிடக்கும். லண்டனில் இதைப் பார்க்க ஆண்டில் சில வாரங்களே உண்டு. தமிழ்நாட்டில் மார்கழியை ஒட்டிய நாட்கள் தவிர மற்றபடி ஆண்டு முழுக்க நண்பகலில் சூரியன் அந்த உயரத்தைத் தொடுகிறது. கீற்று மேகம் மட்டும் சரியான இடத்தில் வாய்க்க வேண்டும். உச்சி வெயிலில் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை என்பதால்தான் இது அரிதாகத் தெரிகிறது.

இரவுப்பணி (காட்பாடி)

மாடியில் கைப்பேசியை வைத்து ஒரு மணி நேரம் என்றதும் எனக்கு வேறு கவலை. இந்த மாதங்களில் எங்கள் பக்கம் மாலையில் கிளம்பும் இடிமேகம்தான் இரவில் உங்கள் பக்கம் வருகிறது. மின்னலுக்கும் இடிக்கும் இடையில் மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மாடியை விட்டு இறங்கிவிடுங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை ஏறாதீர்கள். கைப்பேசி நனைந்தால் நனையட்டும், எடுக்க ஓடாதீர்கள். மொட்டை மாடியில் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நிற்பவர்தான் அங்கே உயரமான பொருள்.

நான் மின்னலை வீட்டுக்குள்ளிருந்து ஜன்னல் வழியாகத்தான் எடுக்கிறேன். ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8, பத்து முதல் பதினைந்து விநாடித் திறப்பு, தொடர்ச்சியாக எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பாதிக்கு மேல் இருட்டுதான் வரும்.

இன்னொரு விஷயம். இரவில் அடிவானத்தில் ஓசையே இல்லாமல் மின்னினால் ‘வெப்ப மின்னல்’ என்பார்கள். அப்படி ஒரு தனி வகை இல்லை. இடி பெரும்பாலும் பதினைந்து, இருபது கிலோமீட்டருக்குள்தான் கேட்கும். மேகத்தின் தலை 15 கிலோமீட்டர் உயரம் என்றால் ஒளி நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குத் தெரியும்.

நிழல்வெட்டு

தொலைவில் உள்ள இடிமேகம் இப்படித் தெரிவதைப் பகலிலும் பயன்படுத்தலாம். சென்னையில் மெரினாவுக்கு மாலையில் போகிறவர்கள் சூரியன் மறைவது நகரத்துக்குப் பின்னால் என்பதால் கேமராவை மூட்டை கட்டிவிடுகிறார்கள். நான் கடலைப் பார்த்தே நிற்பேன். சூரியன் இறங்கியதும் கிழக்கு அடிவானத்தில் சாம்பல் நீலப் பட்டை ஒன்று எழும். அது பூமியின் நிழல். அதன் மேலே ரோஜா நிறத்தில் இன்னொரு பட்டை. மேற்கே எங்கோ இடிமேகக் கோபுரங்கள் இருந்தால் அவற்றின் நிழல்கள் தலைக்கு மேலே ஓடிவந்து கடலின் மேல் ஒரே புள்ளியில் குவிவது போலத் தெரியும். கிழக்கே பார்த்துக்கொண்டே மேற்கே மேகம் வளர்ந்திருப்பதைச் சொல்லலாம். நேராகப் பார்த்தாலும் திருப்பதி மலைகளின் மேல் நிற்கும் கோபுரம் இங்கிருந்து ஆறு பாகை உயரத்துக்குத் தெரியும், நீட்டிய கையில் மூன்று விரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். கட்டடம் மறைக்காத மாடி வேண்டும், அவ்வளவுதான்.

இந்தப் படங்களில் ரோஜாவைக் கொஞ்சம் கூட்டித்தான் போடுகிறேன். கூட்டாவிட்டால் யாரும் நின்று பார்ப்பதில்லை.

குற்றாலச்சாரல்

அதைத்தான் நான் எதிர்க்கிறேன். என் முகட்டு மேகப் படத்தைக்கூட யாரோ எடுத்து ஊதா வானம் ஆக்கிப் பரப்பினார்கள். இப்போது மாணவர்கள் ‘டீச்சர், இங்கே ஏன் ஊதா நிறம் வருவதில்லை?’ என்று கேட்கிறார்கள். வண்ணம் ஏற்றிய படத்தை வைத்து எந்த மேகம், எந்த நேரம், தூசி இருந்ததா என்று எதையும் சொல்ல முடியாது.

நிழல்வெட்டு

வண்ணம் ஏற்றாத படம் என்று ஒன்று இருக்கிறதா? நீங்கள் பொத்தானை அழுத்தும்போதே கைப்பேசி பல படங்களை எடுத்து ஒன்றாகப் பிசைந்து, நிழலைத் தூக்கி, வானத்தை அடையாளம் கண்டு நீலம் பூசித்தான் தருகிறது. நான் கையால் செய்வதை அது கேட்காமலே செய்கிறது. என் கண்ணுக்கு அன்று தெரிந்த ரோஜாவை நான் திருப்பிக் கொண்டுவருகிறேன்.

குற்றாலச்சாரல்

கண்ணுக்குத் தெரிந்ததை நினைவிலிருந்து கூட்டுகிறீர்கள், நினைவு எப்போதும் தாராளம். நான் கேட்பது எளிது: கேமரா பதிந்த தரவை அப்படியே வைத்திருக்கும், கைவைக்காத ரா கோப்பு ஒன்று இருக்கட்டும், அதோடு நேரமும் திசையும் இருக்கட்டும். பிரதியில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள்.

பலூன்காரர்

நிறத்தை அப்படியே குறித்துவைத்ததால் என்ன நடந்தது என்பதற்கு நம் ஊரே சாட்சி. 1883 ஆகஸ்ட் இறுதியில் கிரகடோவா எரிமலை வெடித்தது. செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகவும் நீலமாகவும் தெரிந்தது. அன்றைய சென்னையில் பேராசிரியராக இருந்து, பிற்பாடு கொடைக்கானல் வான்நோக்கு நிலையத்துக்குத் தலைமை ஏற்ற மிச்சி ஸ்மித் அதைக் கவனித்து எழுதியவர்களில் ஒருவர். ஹொனலுலுவில் செரினோ பிஷப் என்பவர் சூரியனைச் சுற்றி மங்கலான வட்டம் ஒன்றைப் பார்த்தார். இப்படிப் பல ஊர்க்காரர்கள் நாளும் நேரமும் போட்டு எழுதிவைத்த குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோதுதான், எரிமலைத் தூசி பூமத்தியரேகையை ஒட்டி மேற்கு நோக்கி உலகைச் சுற்றியது தெரிந்தது. அவ்வளவு உயரத்தில் கிழக்குக் காற்று இருப்பதை மனிதர்கள் அறிந்தது அப்படித்தான். பலூன் அவ்வளவு உயரம் ஏறியது அதற்குப் பிறகு.

தம்பி இப்போது கண்ட கிழக்குத் தாரை வேறு, அது அதற்கும் கீழே. ஆனால் முறை ஒன்றுதான். பலூன் வருவதற்கு முன்பு மேல்காற்றை அறிய மேகத்தைப் பார்ப்பதுதான் முக்கிய வழி. தரையில் கறுப்புக் கண்ணாடியை மட்டமாக வைத்து, அதன் மேல் திசைக்கோடுகள் வரைந்து, பிரதிபலிப்பில் மேகம் எந்தக் கோட்டின் வழியே போகிறது என்று பார்ப்பார்கள். உங்கள் வீட்டிலேயே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் திசைகாட்டியும் இருந்தால் செய்யலாம். தலையை மட்டும் அசைக்காமல் வைத்திருக்க வேண்டும்.

மாடித்தோட்டம்

ஐயா, அப்படியானால் உயரத்தையும் பலூன் இல்லாமல் அளந்திருப்பார்களே? நிழல்வெட்டு அண்ணன் பதினான்கு நிரூபணம் ஆகவில்லை என்று இன்னும் நிற்கிறார்.

பலூன்காரர்

அளந்தார்கள். முதல் பன்னாட்டு மேக அட்லஸ் வெளிவந்த 1896இல் பன்னாட்டு மேக ஆண்டு என்று அறிவித்துப் பல நாடுகளில் செய்தார்கள். தொலைவு தெரிந்த இரண்டு இடங்களிலிருந்து ஒரே விநாடியில் ஒரே மேகத்தைக் குறிவைப்பது, இரண்டு கோணங்களின் வித்தியாசத்திலிருந்து உயரம் கணக்கிடுவது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்தால் விரல் இடம் மாறுகிறதே, அதே கணக்கு.

நீங்கள் தாம்பரம், அவர் பல்லாவரம். நேர்க்கோட்டில் ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். தலைக்கு மேலே உள்ள மேகம் 12 கிலோமீட்டர் உயரத்தில் இருந்தால் இரண்டு மாடிகளுக்கும் இடையே 27 பாகை மாறும். ஆறு கிலோமீட்டர் உயரம்தான் என்றால் 45 பாகை. தாராளமான வித்தியாசம், கைப்பேசியே போதும்.

நிழல்வெட்டு

இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வெறும் வானத்தில் கோணத்தை எதிலிருந்து அளப்பது? கைப்பேசியைச் செங்குத்தாக மேலே பார்த்து வைத்தோம் என்பதை நம்ப முடியாது, ரசமட்டம் வைத்தாலும் ஒன்றிரண்டு பாகை போய்விடும். நிலாவை வைத்துக்கொள்வோம். வளர்பிறை அஷ்டமி வாக்கில் மாலை ஐந்தரைக்கு நிலா உச்சிக்கு அருகே, சற்றுத் தெற்கே நிற்கும். அது இருக்கும் தூரத்துக்கு ஆறு கிலோமீட்டர் ஒன்றுமே இல்லை, இரண்டு மாடியிலிருந்தும் ஒரே இடத்தில்தான் தெரியும். நிலாவைச் சட்டத்தின் நடுவில் வைத்து, கீற்றின் கொக்கி அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று இருவரும் அளந்தால் போதும். என் கைப்பேசி லென்ஸ் முழுச்சட்டக் கேமராக் கணக்கில் 26 மில்லிமீட்டர் சமானம், நீளவாட்டில் 69 பாகை பிடிக்கும். உங்களுடையது என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். படத்தின் ஓரங்களில் கோணக் கணக்கு நேர் விகிதத்தில் வராது, அதை நான் திருத்திக்கொள்கிறேன்.

மாடித்தோட்டம்

என்னுடையது 24 என்று போட்டிருக்கிறது. பலூன் ஐந்தரைக் கணக்குக்கு என்பதால் நாமும் அதையே வைத்துக்கொண்டால் அன்றே ஒப்பிட்டுவிடலாம். ஐந்தே காலிலிருந்து ஐந்தே முக்கால் வரை, ஒவ்வொரு நிமிடமும் பூஜ்ஜியம் விநாடியில் ஒரு படம். இருவரும் கைப்பேசி நேரத்தைத் தானியங்கியிலேயே விட்டுவிடுவோம்.

இரவுப்பணி

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மேல் எங்கள் பக்கம் கோபுரம் கிளம்பினால் இங்கே எழுதிவிடுகிறேன். அப்படி எழுதினால் இருவரும் மாடிக்குப் போகாதீர்கள்.

நிழல்வெட்டு

சரி. கீழே திரள் மேகம் மூடிவிட்டால் மறுநாள் சப்தமியோ நவமியோ பார்க்காமல் எடுப்போம், நிலா எட்டும் உயரத்தில் இருந்தால் போதும். ரா கோப்பாகவே அனுப்புங்கள். டீச்சருக்கும் ஒரு பிரதி போகட்டும்.